மீட்டரின் சின்னச் சக்கரம்

தண்ணீர்க் கட்டண ரசீதை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் அதிகம் பேர் இல்லை. கடைசியில் அச்சடித்திருக்கும் தொகையைப் பார்ப்பார்கள், முனகுவார்கள், கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். முந்தைய அளவு, இப்போதைய அளவு, வித்தியாசம் என்று மேலே மூன்று கட்டங்கள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. தொகை ஒன்றும் சொல்லாது. வித்தியாசம்தான் பேசும்.

நிதானமாக எழுதிக் கொடுங்கள் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். இரண்டு நாள் நான் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் இருந்ததைப் பிடிவாதம் என்று உங்கள் ஏட்டு நினைத்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். மீட்டரிலிருந்து தொடங்குகிறேன்.

வீடு அப்பா கட்டியது. நீளமான ஓட்டு வீடு. அப்பா போன பிறகு நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினோம். கிழக்குப் பாதி அண்ணன் ஜெயசிங்குக்கு, மேற்குப் பாதி எனக்கு. அண்ணன் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்தப் பாதியில் அண்ணனின் மனைவி, ஜெபகனி மைனி, தனியாக இருந்தார். மகள் பிரீனா மஸ்கட்டில் நர்ஸ். என் மனைவி மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள், இங்கே வருவதில்லை. அந்தக் காரணம் இந்த வழக்குக்குத் தேவைப்படாது.

சுவர் வைத்தபோது தண்ணீரைப் பிரிக்கவில்லை. பேரூராட்சி இணைப்பு ஒன்றுதான், என் பெயரில். காலையில் வரும் தண்ணீர் என் முற்றத்து மண்ணுக்கு அடியில் போகும் குழாய் வழியாகத் தரைத்தொட்டியில் விழும். மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றினால் இரண்டு வீட்டுக்கும் இறங்கும். மாதத்துக்கு ஒரே கட்டணம். எவ்வளவு பிடித்தாலும் அதே. பாதியை மைனி கொடுத்துவிடுவார்.

என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் அளக்கிற கொட்டகையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் வாளியில் சுமந்துவருவதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கருவியை மிதக்கவிட்டால் தெரியும். கருவிக்கு முன்பே எனக்கு அவர்கள் முகத்தில் தெரிந்துவிடும். ஓமனா என்று ஒருத்தி இருந்தாள். ஒரு வாரம் அவள் பால் தொடர்ந்து தண்ணியாக இருந்தது. பால் வடிகிற சிரட்டையில் மழை விழுந்துவிட்டது சாரே என்று அழுதாள். மழை எல்லோர் சிரட்டையிலும்தான் விழுந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அவள் வேலை போயிற்று. அவளுடைய வரிசையில் மட்டும், சிரட்டையில் மழை விழாமல் மரத்துக்குக் கட்டும் மழைத்தாள் கட்டியிருக்கவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். சொல்கிறவர்கள் எதையும் சொல்வார்கள்.

போன ஐப்பசியில் பேரூராட்சியில் அறிவிப்பு ஒட்டினார்கள். விரும்புகிறவர்கள் மீட்டர் வைத்துக்கொள்ளலாம், ஓடிய தண்ணீருக்கு மட்டும் கட்டினால் போதும் என்று. நான் ஒரு வாரம் யோசித்தேன். இரண்டு வீட்டிலும் சேர்த்து இரண்டே பேர், இருவரும் அறுபது தாண்டியவர்கள். குளிக்க, சமைக்க, துவைக்க என்று எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் நாளைக்கு முந்நூறு லிட்டருக்கு மேல் ஆகாது. அப்படியானால் மீட்டர்தான் லாபம். ஆறு பேர், ஏழு பேர் உள்ள வீடுதான் பழைய கட்டணத்தில் இருக்க வேண்டும். ரசீது படிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

சபையில் என் பெஞ்சில் உட்காரும் ஆன்ட்ரூஸுக்கு விளங்கவில்லை. "ஓய் சிங்கு, ஒமக்கு மீட்டரு வச்சா வெள்ளக் கட்டணம் கொறயும், சரி. நிம்மதியும் கொறயும் ஓய். ஒம்ம எனக்குத் தெரியாதா?" என்றான்.

மைனியிடம் சொன்னேன். அவர் பின்வாசல் கல்லில் மீன் உரசிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு தம்பி? இப்பவே நீங்க மோட்டாரு ஓடுத நேரத்த எண்ணிட்டுல்லா இருக்கிய. மீட்டரும் வந்தா ஒள்ள ஒறக்கமும் போவும்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாத ஆள், அளந்து பார்ப்பதை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? முப்பத்தோரு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே கேள்வி அது. அடுத்த திங்கட்கிழமையே மனு கொடுத்தேன்.

முதல் ரசீதில் வித்தியாசம் என்ற கட்டத்தில் முப்பத்தாறு என்று இருந்தது. முப்பத்தாறாயிரம் லிட்டர். நாளைக்கு ஆயிரத்து இருநூறு. கட்டணம் பழையதைப்போல மூன்று மடங்கு.

நான் நாளைக்கு நூற்று நாற்பது லிட்டருக்கு மேல் தொடுவதில்லை. வாளி வைத்து அளந்திருக்கிறேன். மீதி ஆயிரத்து அறுபது யாருடையது? தனியாக இருக்கும் ஒரு கிழவியால் அவ்வளவு தண்ணீரைச் செலவழிக்க முடியாது. அப்படியானால் யாருக்கோ கொடுக்கிறார். மைனி வீட்டுக்கு அந்தப் பக்கம் சுஜியின் வீடு. புருஷன் துபாயில், வீட்டில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. புதுக் கான்கிரீட்டுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். சுஜி மைனியை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். சும்மா யாரும் யாரையும் அம்மா என்று கூப்பிடுவதில்லை.

பிளம்பர் சிஜினை வரவழைத்தேன். கெட்டிக்காரன் என்று பெயர். மீட்டரின் கண்ணாடிக்குள் எண்களுக்குக் கீழே பல்பல்லாக ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைக் காட்டினான்.

"எல்லாத்தையும் அடச்சிட்டு இத மட்டும் பாருங்க சாரே. ஒரு சொட்டு போனாலும் இது சுத்தும். பொய் சொல்லாது."

காலையில் தண்ணீர் வந்த நேரத்தில் தொட்டிக்குப் போகும் வாயை அடைத்தோம். ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. சக்கரம் சுற்றியது. அவன் முற்றத்தில் குனிந்து நடந்தான். என் வாழைகளின் பக்கம் போய்க் காலால் மண்ணை அமுக்கினான்.

"சாரே, இது மைனியில்ல. மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில ஒங்க முற்றத்துலயாக்கும் பைப்பு ஒடஞ்சிருக்கு. மழ நின்னு ஒரு மாசமாச்சு, இந்த வாழ மூட்டு மண்ணப் பாத்தியளா? சேறாட்டு கெடக்கு. தோண்டிப் பாத்திருவமா?"

மைனி வீட்டில் சாயா குடித்தாயா என்று கேட்டேன். ஆமா சாரே, வரச்சிலே கூப்பிட்டுத் தந்தாவ என்றான். அதற்குமேல் அவனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த மட்டி வாழைகள் என் கைராசி. நான் அவற்றுக்கு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. ஊற்றாமலே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன.

தோண்ட வேண்டாம், இரண்டாவது மீட்டர் ஒன்று வை என்றேன். மேல்தொட்டியிலிருந்து மைனி வீட்டுக்குப் போகும் குழாயில், என் அடுக்களை ஜன்னலுக்குக் கீழே, ஒரு வால்வோடு சேர்த்து வைத்தான். ஜன்னலைத் திறந்தால் மீட்டர் தெரியும். மைனி வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். கூடவே சுஜியும்.

"நல்லதாப் போச்சு சுஜி. இனி நான் எங்கயாம் வழுக்கி விழுந்தா கத்தாண்டாம், கூவாண்டாம். மூணு தடவ குழாயத் தொறந்து தொறந்து அடச்சாப் போரும். தம்பி நோட்டும் பேனாவுமா ஓடி வந்திருவாரு."

சுஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தப் பேச்சை நீங்கள் சுஜியின் வாக்குமூலத்தில் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அவள் சொன்னது சரிதான். வார்த்தை மாறாமல் எனக்கும் நினைவிருக்கிறது.

மைனியின் மீட்டர் நாளைக்குத் தொண்ணூறு லிட்டர் காட்டியது. சில நாள் எண்பத்தைந்து. என் மீட்டர் பழைய ஆயிரத்து இருநூறிலேயே நின்றது.

வேறொருவராக இருந்தால் இதோடு சமாதானம் ஆகியிருப்பார். எனக்கு அப்போதுதான் சந்தேகம் உறுதியானது. அளக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு யார்தான் நேராக எடுப்பார்கள்? காந்தம் வைத்தால் மீட்டர் நிற்கும் என்று போனில் ஒரு படம் பார்த்திருந்தேன். அல்லது அண்ணன் உயிரோடு இருந்தபோதே, சுவர் வைத்த சமயத்தில், எனக்குத் தெரியாமல் அடியில் ஒரு தனிக் குழாய் போட்டிருக்கலாம். ஓமனாவின் பாலும் ஒருநாள் திடீரென்று கெட்டியாக வந்தது. அன்று நான் அவளை நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

தை கடைசியில் ஒருநாள் மத்தியானம் மைனியின் சக்கரம் வேகமாக ஓடியது. நிற்கவில்லை. சுஜிக்கு ஓஸ் குழாய் போட்டுவிட்டார் என்று நினைத்து நேராக அவருடைய பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டேன். சபைப் பெண்கள் பத்துப் பேர் ஜெபக்கூட்டம் முடிந்து சாயாக் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மீட்டரு சிங்கு வந்தாச்சு. கழுவுனது போரும், கிளாச கவுத்துங்க மக்கா" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். மைனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு சபைக் கோயில் வாசலில் சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொன்னார்கள். அன்றுமுதல் நான் மைனி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேசவும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சக்கரம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

இனி நீங்கள் கேட்டது.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சுஜிக்கு அம்மா வீடு மண்டைக்காட்டில். ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளோடு போய்விட்டாள். கொத்தனார்களும் வேலைக்கு வரவில்லை. தெற்கே தென்னந்தோப்பு. திங்கட்கிழமை காலை நான் ஜன்னலைத் திறந்தபோது, ஆறு மணிக்கு ஓட வேண்டிய சக்கரம் ஓடவில்லை. மைனி ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்கு அரிசி கழுவுகிற ஆள். ஏழு, எட்டு, ஒன்பது. ஓடவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு ஓடியது. கொஞ்சம்தான். நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு அதேபோல மூன்று தடவை.

எப்போது தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். திங்கட்கிழமை ஒன்பது நாற்பதுக்குத் தெரியும்.

கேலி செய்கிறார் என்று நினைத்ததாக நேற்று உங்கள் ஏட்டிடம் சொன்னேன். ஒரு கால் மணி நேரம் அப்படியும் நினைத்தேன். நான் நோட்டும் பேனாவுமாக ஓடிப் போவேன், உள்ளே பத்துப் பேர் கிளாஸைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று. ஆனால் சிரிப்பதற்காகக் குழாயைத் திறக்கிறவர் வேகமாகத் திறந்து வேகமாக அடைப்பார். இது அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை அடைப்பதற்கும் நேரம் எடுத்தது. கை எட்டாமல் எட்டுவதுபோல. நான் நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

குரல் கேட்டதா என்றீர்கள். கேட்கவில்லை. அவருடைய குளியலறை கிழக்குக் கோடியில், வீட்டுக்கு வெளியே இருக்கிறது. எனக்கு மௌனம் பிடிக்கும். அந்த மூன்று நாளைப்போல ஒரு மௌனம் அந்த வீட்டில் இருந்ததில்லை. சக்கரம் மட்டும் வந்து வந்து போகும். மத்தியானம் பழையது சாப்பிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி மூன்று. செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று, பதினோரு மணிக்கு மூன்று, அதன் பிறகு இரண்டு. எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இருக்காது.

செவ்வாய் மத்தியானம் பிரீனா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அம்ம போன எடுக்கல்ல. நேத்துலேந்து அடிக்கேன். சண்டயெல்லாம் இருக்கட்டும், ஒண்ணு எட்டிப் பாருங்களேன்."

"லெந்து நோம்புக் காலம்லா மக்கா. சபையில மூணு நாள் உபவாச ஜெபம். போன அமத்தி வச்சிட்டுப் போயிருப்பாவ" என்றேன்.

"எங்கிட்ட சொல்லல்லியே?"

"உபவாசத்த ஆராவது சொல்லிட்டு இருப்பாவளா?"

அவள் ஸ்தோத்திரம் சொல்லி வைத்துவிட்டாள். அது முழுப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். எங்கள் பெண்கள் உபவாசம் இருக்கும்போது தண்ணீர் மட்டும் குடிப்பார்கள், சார். மைனியும் அப்போது தண்ணீரில்தான் இருந்தார்.

ஏன் போகவில்லை என்பதற்கு வருகிறேன். விரோதம் என்று எழுதாதீர்கள். அண்ணன் சாகும்போது மைனியைப் பார்த்துக்கொள் என்றான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் தெருவில் அவரை என்னைப்போல யாரும் பார்த்ததில்லை. விஷயம் இதுதான்: சிஜின் சொல்லித் தந்த சோதனையை நான் அதுவரை முழுதாகச் செய்திருக்கவில்லை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்றான். என் வீட்டை அடைக்கலாம். மைனியின் வீட்டை எப்படி அடைப்பது? ஆள் இருக்கிற வீடு. காந்தம் இருக்கலாம், தனிக் குழாய் இருக்கலாம், சுஜி இருக்கலாம். அந்த வீட்டில் ஒருவரும் இல்லாமல் ஒரு மாதம், ஒரே ஒரு ரசீது. அது கிடைத்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று தோன்றியது. நான் கேட்டு வரவழைத்தது இல்லை. தானாக வந்தது. எழுந்து போய் அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் சக்கரம் ஓடத் தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை. திறக்க வலு இருந்திருக்கிறது, அடைக்க இல்லை. அரை மணி நேரம் பொறுத்தேன். நல்ல தண்ணீர் சும்மா சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினொன்று இருபதுக்கு வெளியே போய் வால்வை அடைத்தேன். புது வால்வு, திருக வரவில்லை. உள்ளே வந்து தேங்காய் எண்ணெய் எடுத்துப் போய், இரண்டு சொட்டு விட்டு, மெதுவாக அடைத்தேன். சக்கரம் நின்றது. கையைக் கழுவினேன்.

வியாழக்கிழமை காலை சுஜி திரும்பி வந்து, கூப்பிட்டுப் பார்த்து, கடப்பாரையால் குளியலறைக் கதவை நெம்பினாள். அவள் கத்தியதைக் கேட்டு நானும் போனேன். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது என்றும், உயிர் பிரிந்தது அன்று விடியற்காலையில் என்றும் டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். சுவரின் கீழே உள்ள குழாயில் துவர்த்துத் துண்டின் ஒரு முனையைச் சுற்றியிருந்தார். மறுமுனை அவர் வாயருகில் கிடந்தது. துண்டு காய்ந்திருந்தது. சுஜி ஓடிப் போய்க் குழாயைத் திறந்தாள். வரவில்லை. மேல்தொட்டி காலி போலிருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

பிரீனா சனிக்கிழமை வந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, குளியலறையைக் கழுவுவதற்காகச் சிஜினைக் கூப்பிட்டாள். குழாயில் தண்ணீர் வராததால் அவன் என் பக்கம் வந்து வால்வைத் தொட்டான். விரலை முகர்ந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். அவள் என் அடுக்களைக்குள் வந்து, ஜன்னலோரம் கிடந்த நோட்டை எடுத்து, கடைசி இரண்டு பக்கங்களை வெகுநேரம் படித்தாள். நான் தடுக்கவில்லை. ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தாள்.

"மூணு நாளும் அம்ம ஒங்களயாக்கும் சித்தப்பா கூப்பிட்டிருக்கு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

என்னைத்தான் கூப்பிட்டார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஜெபகனி மைனி விழுந்து கிடக்கிறார் என்று தெரிந்தே மூன்று நாள் நான் போகவில்லை. மகளிடம் பொய் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைத் தெரிந்தே அடைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஞானசிங்.

ஆனால் நீங்கள் இன்னும் விசாரிக்காத ஒன்று இருக்கிறது. பிரீனா நோட்டை உங்களிடம் கொடுத்து, நீங்கள் ஒரு மாதம் விசாரித்து, உங்கள் ஜீப் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அடுத்த ரசீது வந்தது. மைனி இல்லாத முதல் மாதம். அந்தப் பக்கம் வால்வு அடைத்தபடி இருக்கிறது, வீடு பூட்டிக் கிடக்கிறது, சுஜியின் மாடி வேலையும் முடிந்துவிட்டது. வித்தியாசம் என்ற கட்டத்தில் முப்பத்து மூன்று. மூன்றுதான் குறைந்திருந்தது. நான் என் குழாய்களை எல்லாம் அடைத்து, தொட்டியின் வாயை அடைத்து, காலை முழுக்க மீட்டருக்கு முன்னால் குந்தியிருந்தேன். சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் என் மட்டி வாழை குலை தாங்காமல் சாய்ந்திருந்தது. சேற்றில் ஊன்றுகோல்கூட நிற்கவில்லை.

மைனி போன பிறகும் அந்தத் தண்ணீரை யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் நான் உங்களிடம் கேட்கவில்லை.